பாலபாடத்தை மீண்டும் படிப்போம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சில வாரங்களுக்கு முன் சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, ஆண்டு விழாவிலே வாசிப்பைப் பற்றித் தாங்கள் ஒரு பேச்சுப் பேச வேண்டும்" என்று கேட்டார். நான் நீண்ட காலம் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவன். "வாசியுங்கள், வாசியுங்கள்" என்று சொல்வது எங்கள் தொழிற் பழக்கம். வாலிபர்களாகிய நீங்களும் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆகவே, புதிய புத்தகங்களை வாசியுங்கள் என்று சொல்ல நான் இன்று வரவில்லை. நீங்கள் ஏற்கெனவே வாசித்து முடித்து, இனி நமக்கு இது எதற்கு என்று மூலையிலே போட்ட புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து, மறுபடியும் ஒரு முறை வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

சிறு வயதில் கட்டிய வேட்டி வளர்ந்தவனுக்குப் போதாது. சிறு வயதில் படித்த பாடமும் அப்படித்தான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதை நான் முதுமையிலேதான் அறிந்துகொண்டேன். அதை என் அனுபவத்தைக் கொண்டே சொல்ல அனுமதி தாருங்கள்.

ஆத்திசூடியில் நான் செய்த பிழை

நான் படித்தது ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்துப் பாடசாலையில். ஒரே மண்டபம், ஐந்து வகுப்புகள், ஓர் உபாத்தியாயர். ஒரு பக்கத்தில் வாய்ப்பாடு, மறு பக்கத்தில் ஆத்திசூடி, நடுவிலே தகரக் கூரையில் விழும் மழையின் சத்தம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியிருந்தன. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் நம் லயங்களுக்கு உரிய காலத்தில் வந்து சேரவில்லை. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும் வரையில், எங்களில் பெரும்பாலோருக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மறு நாளே பெரட்டுக் களத்தில் பேர் விழும்.

அந்தப் பாடசாலையில் ஔவையாரின் ஆத்திசூடியை நாங்கள் தலைகீழாகச் சொல்லுவோம். பொருள் கேட்டால் விழிப்போம். நானே ஆசிரியனாகி, ஒரு நாள் வகுப்புக்கு ஆயத்தஞ் செய்வதற்காக உரையோடு அதைப் படித்தபோதுதான் என் அறியாமை வெளிப்பட்டது. ஈகாரத்தில் தொடங்கும் வாக்கியம் ஒன்று கொடையைப் பற்றியது. 'நீ கொடுப்பதை நிறுத்தாதே' என்பதே அதன் பொருளென்று இருபது ஆண்டுகளாக நான் எண்ணியிருந்தேன். உரையோ, ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும்போது நீ குறுக்கே நின்று தடுக்காதே என்கிறது.

இவ்விரண்டுக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்! கொடுப்பதற்கு நம்மிடம் பொருள் வேண்டும். பிறர் கொடுப்பதைத் தடுக்காமல் இருப்பதற்கு மனம் மாத்திரம் போதும். ஒரு பிள்ளையின் மேற்படிப்புக்கு யாராவது உதவ முன்வந்தால், "அவனுக்கா? அவன் அப்பனை எனக்குத் தெரியாதா?" என்று காதைக் கடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் குணத்தை நன்கு அறிந்த ஒரு கிழவி அரிச்சுவடிக்குள்ளேயே அதற்கு மருந்து வைத்துப் போயிருக்கிறாள். ஏழு வயதில் எனக்கு அது எழுத்துப் பழக்கும் வாக்கியம். முப்பது வயதிலோ என் முகத்தைக் காட்டும் கண்ணாடி.

அம்மா கேட்ட பாடம்

எங்கள் வீட்டில் ஒரேயொரு புத்தகம் இருந்தது. அது ஆறுமுக நாவலரின் நான்காம் பாலபாடம். அண்ணனுக்கென்று அப்பா டவுனிலே வாங்கி வந்தது. அண்ணன் ஐந்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. இரவில் காம்பராவிலே குப்பி லாம்பைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் இருவரும் அதை மாறி மாறி வாசிப்போம். எனக்கு அதிற் பாதி விளங்காது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் புத்தகத்திலே கள்ளுண்ணலைப் பற்றி ஒரு பாடம் உண்டு. சம்பள நாள் இரவுகளில் அம்மா அந்தப் பாடத்தைத்தான் வாசிக்கச் சொல்லுவாள். அதுவும் இஸ்தோப்பிலே அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டவுடன், "தம்பி, கொஞ்சம் சத்தமாப் படி" என்பாள். அம்மாவுக்கு அந்தப் பாடத்தில் ஏனோ அத்தனை பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். வாத்தியாரிடம் கூட அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தலையைத் தடவி அனுப்பினார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பக்கத்தைத் தற்செயலாகத் திறந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. கணவனை எதிர்த்துப் பேச முடியாத ஒரு பெண், நாவலர் பெருமானையே தன் வீட்டுக்கு வழக்கறிஞராக அழைத்திருக்கிறாள். வாசித்தவன் நான், பேசியவள் அவள். அப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். அவர் குடியை விட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் புத்தகத்தைக் கிழித்தெறியவும் இல்லை.

எழுத்தறியாதவர்கள் எழுத்தின் வலிமையை அறியாதவர்கள் என்று எண்ணாதீர்கள். நம் பாட்டன்மார் காலத்திலே 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவன் பேரில் நிற்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவனை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு கடதாசி வேண்டும். குடும்பம் குடும்பமாக மனிதர்கள் அந்தக் கடதாசியோடு கைமாறினார்கள். அதில் எழுதியிருந்ததை அவர்களில் அநேகருக்கு வாசிக்கத் தெரியாது. 1921இல் அந்த முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. வாசிக்க முடியாத ஒரு தாள் தன் தகப்பனைக் கட்டிவைத்ததைக் கேட்டு வளர்ந்தவள், தன் பிள்ளைகள் வாசிக்கும் ஒரு தாளைத் தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்துக் காப்பாற்றியதில் வியப்பென்ன?

நாவலருக்கு வயது என்ன?

பாலபாடத்தை மறுபடி படித்தபோது, அதை எழுதியவரைப் பற்றியும் தேடிப் படித்தேன். சிறுவனாக இருந்தபோது நாவலர் என்றால் படத்திலே காணும் பெரியவர். பிறக்கும்போதே பெரியவராகப் பிறந்தவர் என்பது போல ஓர் எண்ணம். அவர் பிறந்தது 1822 டிசெம்பரில். வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். கணக்கிட்டுப் பாருங்கள், அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை. இந்தச் சபையிலே முன்வரிசையில் இருக்கும் வாலிபர்களின் வயது!

தாம் படித்ததும் படிப்பித்ததும் மிஷன் பாடசாலையில். அங்கே பாடநூல் எப்படி அமைகிறது, வகுப்பு எப்படி நடக்கிறது, அச்சியந்திரம் என்ன செய்ய வல்லது என்பதை அவர் கண்ணாற் கண்டார். தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று குறை கூறிக்கொண்டு இருக்கவில்லை. பாடசாலை வைத்தார், அச்சுக்கூடம் வைத்தார், சிறுவர் படிக்கத்தக்க எளிய வசனத்திலே படிப்படியாகப் பாலபாடங்களை எழுதினார். நான் சிறு வயதில் மனப்பாடஞ் செய்தது ஒரு முதியவரின் உபதேசத்தை அல்ல, ஒரு வாலிபன் தொடங்கிவைத்த முயற்சியின் பலனை என்று அறிந்தபோது அந்தப் புத்தகமே எனக்குப் புதிதாயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மறுபடி படிக்கும்போது எல்லாம் இனிக்கும் என்பதில்லை. அக்காலத்து நூல்களில் சாதியைப் பற்றியும் பெண்களின் கடமையைப் பற்றியும் சொல்லியிருப்பவற்றுள் சிலவற்றை இன்று நம்மால் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. சிறுவனாக இருந்தபோது அவற்றையும் தலையாட்டிக்கொண்டே ஒப்பித்தேன். இப்போது அந்த இடங்களில் நின்று, "ஐயா, இதில் நான் தங்களோடு உடன்படவில்லை" என்று மரியாதையோடு சொல்கிறேன். குருவினிடத்தில் பக்தியும் இருக்க வேண்டும், கேள்வியும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே பழகுவதற்குப் பழைய பாடப் புத்தகத்தைப் போல நல்ல இடம் வேறில்லை.

வேதாளத்தின் கேள்வி

பாடப் புத்தகத்தை மாத்திரம் சொன்னால் வாலிபர்கள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே அம்புலிமாமாவுக்கு வருகிறேன். 1947 ஜூலையில் சென்னையிலே தொடங்கிய பத்திரிகை. எங்கள் காலத்தில் ஒரு பிரதி வந்தால் அது லயம் லயமாகப் போய், அட்டை கழன்று, முதற் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாமல் திரும்பி வரும். மரத்தில் ஏறி, பிணத்தை இறக்கித் தோளிற் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடப்பான். பிணத்துக்குள்ளிருக்கும் வேதாளம் கதை சொல்லும். எனக்கு அந்தப் பிணமும் சுடுகாடும்தான் முக்கியம். படித்துவிட்டு இரவிலே பீலிக்கரைப் பக்கம் போக மாட்டேன்.

அண்மையில் என் பேத்திக்காக அதை மறுபடி வாசித்தேன். அந்தக் கதையின் ஏற்பாடு எத்தகையது என்று அப்போதுதான் கவனித்தேன். விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அரசனின் தலை வெடிக்கும். வாய் திறந்து சொன்னாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். நியாயத்தைச் சொன்னால் நஷ்டம் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அவன் நியாயத்தைச் சொல்லுகிறான். பிறகு முணுமுணுக்காமல் திரும்பி நடக்கிறான்! பதினோராம் நூற்றாண்டிலே காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இக்கதைகள் உள்ளன. கடைசிக் கதையிலே வேதாளம் கேட்கும் உறவுமுறைச் சிக்கலுக்கு அரசனுக்கு விடை தெரியவில்லை. அவன் மௌனமாக நடக்கிறான். அந்த மௌனத்தைக் கண்டே வேதாளம் மகிழ்கிறது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது குற்றம். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாமல் இருப்பது அறிவு. கூட்டங்களிலே பேசும் என் போன்றவர்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

மகாத்மா காந்தியடிகளும் இவ்விஷயத்தில் நமக்கு முன்னோடி. சிரவணனின் பெற்றோர் பக்தியைப் பற்றிய நாடக நூல் ஒன்றைச் சிறுவனாகப் படித்ததையும், அரிச்சந்திர நாடகம் பார்த்ததையும் அவர் தமது சுயசரிதையில் கூறுகிறார். வளர்ந்த பின், அரிச்சந்திரன் சரித்திரத்தில் வாழ்ந்தவனாக இருக்க முடியாதென்று தம் புத்தி சொல்வதையும் மறைக்காமல் எழுதுகிறார். எனினும் அந்த நாடகங்களை இன்று படித்தாலும் முன்போலவே தம் உள்ளம் உருகும் என்கிறார். புத்தி வளர்ந்ததற்காக உள்ளத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

புத்தகத்தில் இல்லாதது

அன்பர்களே, மறுபடி படிக்கும்போது புத்தகத்தில் உள்ளது மாத்திரமல்ல, இல்லாததும் கண்ணுக்குத் தெரிகிறது.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை நாங்கள் துள்ளித் துள்ளிப் பாடியிருக்கிறோம். ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் வரும்போது நாவிலே நீர் ஊறும். ஆனால் பனை மரத்தை எங்களில் ஒருவனும் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வாத்தியார் விடுமுறை முடிந்து திரும்பும்போது ஒரு குட்டான் பனங்கட்டி கொண்டுவந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டு எனக்கு விளங்கிற்று. முதுமையிலே அதே பாட்டைப் படிக்கையில் அவரை எண்ணி என் கண் கலங்கியது. பாடநூலுக்கும் பிள்ளைக்கும் நடுவே கிடந்த தூரத்தைத் தம் கைக்காசிலே பனங்கட்டி வாங்கி நிரப்பினாரே!

ஆனால் அதே வேளையில் ஒரு கேள்வியும் எழுந்தது. நாங்கள் படித்த புத்தகங்களிலே வயல் இருந்தது, கடல் இருந்தது, பனை இருந்தது. தேயிலைச் செடி எங்கே? கொழுந்துக் கூடை எங்கே? மாசி மாதத்துக் காமன் கூத்து எங்கே? பனியிலே படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறும் எங்கள் அம்மாவை ஒரு பக்கத்திலாவது நாங்கள் காணவில்லை. படிப்பு என்பது வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது என்றே எண்ணி வளர்ந்தோம். நம்முடைய வாழ்க்கை எழுதத் தக்கதல்ல என்று எவரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்தின் மௌனமே அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அந்த மௌனத்தைக் கலைத்தவர்கள் நம்மிடையே தோன்றினார்கள். வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், நம் தாய்மார் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அத்தொகுப்பு 1983இல் வெளிவந்தது. அதை வாசித்தபோது, என் அம்மா அடுப்படியில் முணுமுணுத்ததெல்லாம் இலக்கியம் என்று அறிந்தேன். அப்போது அம்மா உயிரோடிருந்தாள். ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். "இதைப் போய்ப் புத்தகத்திலே போட்டிருக்காங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒன்றே எனக்குப் போதும்.

பாரதியாரையும் பாருங்கள். ஔவையின் ஆத்திசூடியைப் படித்து வளர்ந்த அவர், வளர்ந்தபின் புதிய ஆத்திசூடி ஒன்றை இயற்றினார். அச்சத்தை விட்டொழிக்கும்படி சொல்லி அதைத் தொடங்கினார். பழையதை எரித்துவிட்டு அவர் புதியதை எழுதவில்லை. பழையதை நன்றாகப் படித்தவர், அதிலே தம் காலத்துக்கு இல்லாதது எது என்று கண்டு எழுதினார்.

அண்ணனின் புத்தகம்

முடிக்கும் முன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

எங்கள் பாடசாலையிலே வாத்தியாரின் மேசையில் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். ஒரு நாள் அதைக் காணவில்லை. எடுத்தவன் நான். வாத்தியார் கேட்டபோது என் நாக்கு எழவில்லை. கால்கள் நடுங்கின. அப்போது பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து, "நான்தான் சார்" என்றார். அடி விழுந்தது. அதன்பின் பாலபாடத்திலே களவைப் பற்றிய பாடத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று உரக்க வாசிக்கச் சொன்னார்கள். அண்ணன் வாசித்தார். வீட்டுக்கு வரும் வழியிலே என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எடுத்தது அவருக்குத் தெரியாது, என் நடுக்கத்தைப் பார்த்து இரங்கிச் செய்தார் என்றே நான் நினைத்திருந்தேன்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் நம் குடும்பங்களை எப்படிப் பிரித்தது என்பதை இங்குள்ள பெரியோர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1973இல் அண்ணன் மனைவி மக்களோடு கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கென்று நீலகிரியிலே தமிழ்நாடு அரசாங்கம் அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மறுபடியும் அதே கொழுந்து, அதே பனி. பாலபாடம் அம்மாவின் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

அம்மா காலமான பின் அந்தப் பெட்டியைத் திறந்தேன். புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். களவைப் பற்றிய பாடத்தின் ஓரத்திலே சிவப்பிலே ஒரு கோடு, அதன் கீழே நீலத்திலே ஒரு கோடு. நான் திருடிய பென்சிலை முதன்முதல் எழுதிப் பார்த்த இடம் அது! இரவோடு இரவாக, எந்தப் பக்கம் என்றுகூடப் பாராமல் கிறுக்கியிருக்கிறேன். மறு நாள் வகுப்பிலே அண்ணன் நின்று வாசித்தது அதே பக்கத்தை. கோடுகள் அவர் கண்முன்னே இருந்தன. புத்தகத்தை ஒருவரிடமும் காட்டாமல், குரல் தடுமாறாமல் வாசித்து முடித்து மூடிவைத்திருக்கிறார். தெரியாமல் என்னைக் காப்பாற்றினார் என்று நான் எண்ணியிருந்தேன். எல்லாம் தெரிந்த பின்னும் காப்பாற்றினார் என்பதை அந்தப் பக்கம் சொல்லிற்று.

அன்றிரவே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரங்களில் பதில் வந்தது. "தம்பி, நீ எழுதியது ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. புத்தகம் இருந்தால் அனுப்பிவை. பேரன் தமிழ் வாசிக்கத் திண்டாடுகிறான்" என்று எழுதியிருந்தார். ஞாபகமில்லை என்றது பொய் என்று எனக்குத் தெரியும். பொய்யைக் கண்டிக்கும் பாடமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது! புத்தகத்தை அனுப்பிவிட்டேன். நான் இப்போது கையில் வைத்திருப்பது பிறகு கடையிலே வாங்கிய வேறொரு பிரதி.

வாலிபர்களுக்கு ஒரு விண்ணப்பம்

சபையோரே, நான் சொல்ல வந்தது இவ்வளவே. புத்தகம் மாறுவதில்லை, படிக்கிறவன் மாறுகிறான். எவ்வளவு மாறினோம், எவ்விடத்தில் பிறரைத் தவறாக நினைத்தோம், யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை அளந்து பார்க்கப் பழைய புத்தகம் ஓர் அளவுகோல்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கிறேன். முதலாவது, சங்க மண்டபத்திலே பழைய பாடநூல்களுக்கென்று ஓர் அலுமாரி வையுங்கள். பெட்டிகளிலும் பரண்களிலும் கரையான் தின்னக் கிடப்பவற்றை வீடு வீடாகச் சென்று கேட்டு வாங்குங்கள். இலவசப் பாடநூல்கள் 1980இல் வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு புத்தகமும் ஒரு குடும்பத்தின் கைக்காசிலே வாங்கியது. 'நூலகம்' என்ற மின்னூலகம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் தொலைபேசியிலேயே அது திறக்கும். ஆனால் ஓரத்தில் உங்கள் பாட்டனார் கிறுக்கிய கோடு அதில் இராது.

இரண்டாவது, மாதம் ஒரு முறை ஒரு பெரியவரும் ஒரு வாலிபரும் சேர்ந்து ஒரு பழைய பாடத்தைச் சபையிலே வாசியுங்கள். வாலிபர் வாசிக்கட்டும், பெரியவர் தம் ஞாபகத்தைச் சொல்லட்டும். எழுத்தறியாத தாய்மாரையும் அழையுங்கள். அவர்கள் கேட்டு வைத்திருப்பது நாம் படித்து மறந்ததைவிட அதிகம்.

மூன்றாவது, அந்தப் புத்தகங்களில் நம்மைப் பற்றி இல்லாதது எது என்று ஒவ்வொருவரும் ஒரு கொப்பியிலே குறித்து, அதைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதுங்கள். பாடசாலை தொடங்கியபோது நாவலரின் வயது என்ன என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய புத்தகத்தை எடுங்கள். அம்மாவோ பாட்டியோ அருகிலிருந்தால், கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.